அருள்சகோதரி ஹுவானாவின் மௌனம்

பெண்ணுரிமை எழுத்து என்றாலே, இறைப்பற்றற்றோர் அண்மையில் கொணர்ந்த சரக்கு என்று நம்மவர் சிலர் ஒதுக்கிவிடுகின்றனர். மெக்சிகோ நகரின் புனித ஜெரோம் கன்னியர் மடத்தில் 1691ஆம் ஆண்டு எழுதப்பட்ட ஒரு கடிதத்தை அவர்கள் அறியார் போலும்.

எழுதியவர் அருள்சகோதரி ஹுவானா இனெஸ். பல்கலைக்கழகம் செல்ல ஆணுடை அணிவிக்குமாறு சிறு வயதிலேயே தாயிடம் மன்றாடியவர். இயேசு சபையின் புகழ்பெற்ற மறையுரையாளர் அந்தோனியோ வியெய்ராவின் மறையுரை ஒன்றை அவர் மறுத்தெழுதியதை, பூவெப்லா ஆயர் 1690இல் தாமே அச்சிட்டார். அத்தோடு, 'சகோதரி ஃபிலோதேயா' என்னும் பெண்பெயரில் ஒளிந்துகொண்டு, உலகக் கல்வியைக் குறைத்துத் திருநூலில் மனம் செலுத்துமாறு அறிவுரையும் சேர்த்தார். ஒரு கையால் மேடையேற்றி மறு கையால் வாய்பொத்துவது என்ன நேர்மை?

ஹுவானா சீறவில்லை, வாதிட்டார். சபையில் பெண்கள் பேசாதிருக்கட்டும் என்ற பவுலடியாரின் சொல் பொதுவிடப் போதனையைப் பற்றியதே. கற்பதையும் எழுதுவதையும் அது தடுக்கவில்லை என்றார். புனித ஜெரோம் பவுலாவுக்குத் திருநூல் கற்பித்ததைச் சுட்டினார். மடத்துத் தலைவி ஒருவர் படிப்பைத் தடுத்த ஏறத்தாழ மூன்று மாதங்களில் நூலைத் தொடாமல், கண்ணில் பட்டவற்றையெல்லாம் பாடமாக்கிக்கொண்டார். முட்டை நெய்யில் இறுகுவதும் சர்க்கரைப்பாகில் சிதறுவதும்கூட அவருக்கு இயற்கை நூலாயிற்று. அடுப்படியே பெண்ணுக்குப் போதும் என்போர் இதை இருமுறை படிக்கட்டும்!

1694இல் அவர் தம் இரத்தத்தால் வாக்குறுதிகளைப் புதுப்பித்துக் கையொப்பமிட்டார், நூல்களைத் துறந்தார். 1695 ஏப்ரலில், கொள்ளைநோயுற்ற சகோதரியரைப் பேணித் தாமும் இறந்தார். பக்தியாளர் இதை மனமாற்றம் என்கின்றனர். ஒக்தாவியோ பாஸ் 1982இல் வெளியிட்ட ஆய்வில், மேலோரின் நெருக்குதலையே இதில் காண்கிறார். அவர் நம்பிக்கையாளர் அல்லர் என்று சொல்லித் தப்பிவிட என் மனம் ஒப்பவில்லை. நோயாளியைத் தொட்ட அன்பை வணங்குகிறேன். ஆயின், அந்த அன்புக்கு நூல்கள் என்றைக்குத் தடையாயிருந்தன? மறையுரையாளர் தவறலாம் என்று எழுதியதற்கு ஒரு பெண் ஏன் மனம் வருந்த வேண்டும்? நான் பயின்ற குருமடத்தில் அவர் பெயரை ஒருவரும் உச்சரித்ததில்லை. நானும் கேட்டதில்லை.

ஆயரின் அறிவுரை உடனே அச்சேறியது. ஹுவானாவின் மறுமொழி அச்சேறியதோ 1700இல், அவர் இறந்து ஐந்தாண்டுகள் கழித்து.