சோதனைச்சாவடியில் நின்ற சாதி

அனுபவ் சின்ஹா இயக்கிய 'பீட்' (2023) என்னும் இந்திப் படம் பெரும்பாலும் கொரோனாப் பொதுமுடக்கத்தின் ஆவணமாகவே பேசப்படுகிறது. அதனை ஒரு காவல்துறைப் படமாகவும் வாசிக்க வேண்டும் என்பது என் கருத்து. சட்டம் தரும் அதிகாரம் யாருடைய கையில் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதே அதன் மையக் கேள்வி.

2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவிக்கப்பட்ட முடக்கம் நள்ளிரவில் நடைமுறைக்கு வந்தது. நான்கு மணி நேர அவகாசம். வேலையும் கூலியும் இழந்த தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் நடக்கத் தொடங்கினர். அத்தகைய கூட்டத்தைப் படம் ஒரு சோதனைச்சாவடியில் நிறுத்துகிறது. பொறுப்பதிகாரி சூர்ய குமார் (ராஜ்குமார் ராவ்) ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். அதனைக் காட்டிக்கொடுக்கும் குடும்பப் பெயரை மறைத்து வாழ்பவர். அவரை எதிர்த்து நிற்கும் பல்ராம் திரிவேதி (பங்கஜ் கபூர்) பிராமணர். பிழைப்புக்குக் காவலாளி வேலை பார்ப்பவர். பசித்திருக்கும் வேளையிலும் முஸ்லிம்கள் நீட்டும் உணவை மறுப்பவர். சீருடை ஒருவரிடம், பிறப்பால் வந்த மேன்மை மற்றவரிடம். எதற்கு மற்றது பணியும்?

இதே இயக்குநரின் 'ஆர்ட்டிகிள் 15' (2019), தமிழில் 'நெஞ்சுக்கு நீதி' (2022) ஆனது. அந்த இந்திப் படத்தின் நாயகன் பிராமண ஐ.பி.எஸ். அதிகாரி. சாதி அவர் களத்தில் கற்றுக்கொள்ளும் பாடம். சூர்ய குமாருக்கு அது பாடமன்று, உடம்பில் சுமக்கும் நினைவு. எனவே 'நல்ல போலீஸ்காரர்' கதையாக 'பீட்' படத்தைச் சுருக்குவது பிழை.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். ஆணையிட்டவர்கள் சட்டகத்துக்கு வெளியே இருக்கிறார்கள். முதலில் வெளியான முன்னோட்டத்தில் ஒலித்த பிரதமரின் அறிவிப்புக் குரல், மறுமுறை வெளியானதில் இல்லை. இதன் விளைவாக, அரசு முழுவதும் ஒரு சாவடி அளவுக்குச் சிறுத்துவிடுகிறது. கடைநிலை அதிகாரியும் காவலாளியும் மோதிக்கொள்ள, அந்த நான்கு மணி நேரத்துக்குப் பொறுப்பானவர்கள் விசாரணைக்கு அப்பால் நிற்கிறார்கள். இதில் படைப்பாளியின் தேர்வு எவ்வளவு, அவர்மீது விழுந்த அழுத்தம் எவ்வளவு என்பது தனியே விவாதிக்கத்தக்கது.

2020 மே 8 அன்று மகாராஷ்டிரத்தின் ஔரங்காபாத் அருகே, தண்டவாளத்தில் உறங்கிய 16 தொழிலாளர்கள் சரக்கு ரயிலில் அடிபட்டு இறந்தனர். அவ்வாண்டு செப்டம்பரில், முடக்கத்தின்போது இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் பற்றிய தரவு தன்னிடம் இல்லை என ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. எண்ணப்படாத மரணங்களுக்குப் புனைவு முகம் தரலாம். கணக்கு தர இயலாது. யாருடைய ஆணைக்கு யார் பணிந்தார்கள், யார்மீது தடி விழுந்தது, யாருக்காகத் தடுப்பு விலகியது என்னும் வினாக்களைப் படம் எழுப்பிவிட்டது. அவற்றைக் காவல் நிலையப் பதிவேடுகளிடமும் நடந்து வந்தவர்களிடமும் கேட்க வேண்டியது ஆய்வாளர்களாகிய நாம்.