“கார்மென்” பட்ட பாடு

1875-ம் வருஷம் மார்ச்சு 3-ந் தேதி பாரிஸ் ஓபரா-காமிக் நாடகசாலையில் பிஸே இயற்றிய “கார்மென்” என்னும் ஸங்கீத நாடகம் அரங்கேறிற்று. கதாநாயகியோ சுருட்டுத் தொழிற்சாலைப் பெண். முடிவில் மேடைமீதே கொலையுண்கிறாள். கண்ணியமான குடும்பங்கள் கலியாணப் பேச்சுக்குக் கூடும் நாடகசாலையில் இது தகுமா என்று நிர்வாகிகள் முன்னமே நடுங்கினர். ஒருவர் 1874-ல் விலகியே போனார். முடிவை மாற்றும்படி வற்புறுத்தியபோது, பிரதான பாடகி காலி-மாரியே அம்மையார் இணங்க மறுத்தார். அவரது துணிவை நாம் மெச்சுகிறோம். பத்திரிகைகள் பல ஒழுக்கக்கேடென்று தூஷித்தன. மூன்றே மாதத்தில், 36-வது வயதில், பிஸே காலமானார்.

அவ்வருஷம் அக்டோபரில் வியன்னா நகரம் “கார்மெனை”க் கொண்டாடிற்று. 1876-ல் நிறுத்திவிட்ட பாரிஸோ, அந்நியர் புகழ்ந்து ஓய்ந்தபின், 1883-ல்தான் மறுபடி மேடையேற்றிற்று. ஒழுக்கத்தின் பேரால் அந்த நிர்வாகிகள் காக்க முயன்றது டிக்கட் வசூலையே என்பது நமது அபிப்பிராயம். அதே நாடகசாலையில் 1904-ல் அது 1000-வது முறை நடிக்கப்பட்டது.