பேயா? நோயா? பாஷையா?

அம்பத்தூர்த் தையல் கம்பெனிகளில் ஒடிசா, ஜார்க்கண்டு முதலிய மாகாணங்களிலிருந்து வந்த பெண்கள் பலர் வேலை செய்கின்றார்கள். ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் முஸ்லிம் பெண்களும் நரிக்குறவப் பெண்களும் வாழ்கின்றார்கள். இவர்களில் ஒருத்திக்குத் தூக்கம் போய், சோறு இறங்காமல், ஓயாமல் அழுகை வருமானால், அவள் யாரிடம் எந்தப் பாஷையில் சொல்லுவது?

பூசாரியிடம் போனால் வேப்பிலையடி. தர்காவுக்குக் கொண்டுபோய்க் கட்டிப்போடுவதன் யோக்கியதையோ 2001ம் வருஷம் ஆகஸ்டு 6ந் தேதி ஏர்வாடியில் தெரிந்துவிட்டது. கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியோடு ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். சங்கிலியை அவிழ்க்க எந்தக் கடவுளும் வரவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமே என்பார்கள் நமது தோழர்கள். நாமும் அதையேதான் சொல்லுகின்றோம். ஆனால் "என்மேல் பேய் வந்திருக்கிறது" என்று அவள் சொன்னவுடன் வைத்தியர் சிரித்துவிட்டால், மறுநாள் அவள் பூசாரி வீட்டில்தான் இருப்பாள். பேய் இல்லையென்பது உண்மையே. ஆனால் குடிகாரப் புருஷனைப் பற்றி வாய்திறக்க உரிமையில்லாதவளுக்குப் பேயின் பேரால்தானே கத்த முடிந்தது! அந்தக் கத்தலுக்குள் இருக்கும் துன்பத்தைக் கேட்பதுதான் மனோ வைத்தியம். அதற்காக வைத்தியர் பேயை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை, அவளை ஏளனம் செய்யாதிருந்தால் போதும். (நமது பிரசங்கிகளும் இதைக் கவனிப்பார்களாக.) மேலும், துணைக்கு வந்த புருஷனே துபாஷியாகவும் இருந்தால், அவன் அடிப்பதை அவள் எப்படிச் சொல்லுவாள்?

இது ஆகாத காரியமல்ல. வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்னும் இரு பெண்கள் 1993ல் ஆரம்பித்த 'பான்யன்' ஸ்தாபனம், புத்தி பேதலித்துத் தெருவில் திரிந்த பெண்களை முகப்பேர் அடைக்கலத்தில் வைத்துக் காப்பாற்றி, வெளிமாகாணத்தாரையும் அவரவர் ஊர் சேர்த்திருக்கின்றது. ஊரின் பேரை அவள் சொல்லக் கேட்க ஆளிருந்ததால் அல்லவா அது நடந்தது?

2017ம் வருஷத்து மனநலச் சட்டம் சங்கிலியைத் தடுத்திருப்பதோடு, ஜாதி, மதம், கலாச்சாரம், ஆண் பெண் என்ற பேதமின்றி வைத்தியம் பெறவும், தனக்கு விளங்கும் பாஷையில் விஷயம் அறியவும் உரிமை கொடுத்திருக்கின்றது. பல பாஷைகளில் பேச 14416 என்ற டெலிபோனும் 2022 முதல் இருக்கின்றது. டெலிபோன் புருஷன் கையில் இருக்கும் வீட்டில் அது என்ன செய்யும்?

ஆகவே சர்க்காரை நாம் கேட்பது அதிகமல்ல. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆஸ்பத்திரிகளில் புருஷனும் மாமியாரும் நுழையாத ஓர் அறை. இந்தி, ஒடியா, உருது, வாக்ரிபோலி அறிந்த, சம்பளம் பெறும் பெண் துபாஷிகள். கம்பெனிக்கு லீவு ஞாயிற்றுக்கிழமைதான் என்பதால், அன்றைக்கும் அந்த அறையின் கதவு திறந்திருக்க வேண்டும்.