காரில் பெப்பர் ஸ்பிரே வைக்கலாமா? சட்டம் ஓகே... வெயில்?

நைட் ஷிஃப்ட் முடிந்து ஓ.எம்.ஆரில் தனியாக கார் ஓட்டி வரும் பலர் டேஷ்போர்டில் பெப்பர் ஸ்பிரே வைத்திருக்கிறார்கள். சிலர் சீட்டுக்கு அடியில் கிரிக்கெட் மட்டை. போலீஸ் செக்கிங்கில் சிக்கல் வருமா?

பெப்பர் ஸ்பிரேவுக்கு லைசென்ஸ் தேவையில்லை. கத்தி வேறு கதை. 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டும் பிளேடு, 2016 ஆயுத விதிகளின் பட்டியலில் வருகிறது. மட்டைக்குத் தடை கிடையாது. ஆனால் பந்து, பேடு எதுவும் இல்லாமல் மட்டை மட்டும் இருந்தால், சண்டைக்குப் பிறகு ‘விளையாடப் போனேன்’ என்பது எடுபடுமா?

வைத்திருப்பதைவிட பயன்படுத்துவதுதான் வில்லங்கம். பாரதிய நியாய சன்ஹிதா தற்காப்பு உரிமை தருகிறது. ஆனால் 37-வது பிரிவு, தேவைக்கு மேல் காயப்படுத்தக் கூடாது என்கிறது. ஓவர்டேக் தகராறில் ஸ்பிரே அடித்தால் வழக்கு உங்கள் மீதே பாயும். 2024-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு தகராறில், உயிருக்கு ஆபத்தில்லாதபோது அடித்த ஸ்பிரேவைத் தற்காப்பாக ஏற்கவில்லை. ஆபத்தான ஆயுதம் என்றே சொல்லி, வழக்கை ரத்து செய்ய மறுத்தது.

அப்புறம் வெயில். இதுபோன்ற ஸ்பிரே கேன்களில் 50 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள் என்று அச்சிட்டிருக்கும். சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு அதை ஈஸியாகத் தாண்டும், கேன் வெடிக்கலாம். கண்ணாடி ஏற்றிய காருக்குள் அடித்தால் உங்கள் கண்ணும் சேர்ந்தே எரியும். கேனை ஹேண்ட்பேக்கில் வைத்து, இறங்கும்போது கூடவே எடுத்துப் போங்கள். யாராவது துரத்தினால் இறங்கவே வேண்டாம். கதவைப் பூட்டி, ஆள் நடமாட்டமுள்ள பெட்ரோல் பங்க்குக்கு வண்டியை விட்டு, 112-ஐ ஸ்பீக்கரில் அழையுங்கள்.