ஒரே நாளில் மாயமான ஆங்கில சீரியல்கள்! சந்தா கட்டியவர்கள் தவித்தது ஏன்?

சென்னை:

வீட்டில் வைத்த நகை காணாமல் போனால் போலீசுக்குப் போகலாம். பணம் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சீரியல் காணாமல் போனால் எங்கே போவது?

2023-ம் ஆண்டு மார்ச் மாதம் 31-ந்தேதி இந்தக் கேள்வி நாடெங்கும் கிளம்பியது. அன்றுதான் அமெரிக்காவின் எச்.பி.ஓ. நிறுவனத் தொடர்கள் 'டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டார்' செயலியை விட்டு வெளியேறின. 'கேம் ஆப் த்ரோன்ஸ்', 'ஹவுஸ் ஆப் தி டிராகன்', 'தி லாஸ்ட் ஆப் அஸ்' என்று ரசிகர்கள் உருகி உருகிப் பார்த்த கதைகள் எல்லாம் போச்சு!

யாரும் திருடவில்லை. பூட்டை உடைக்கவில்லை. ஆனாலும் ஒரு வருஷத்துக்கு முன்பணம் கட்டியவன் கையில் பொருள் இல்லை. நடந்தது என்ன?

திங்கட்கிழமை காலை

'கேம் ஆப் த்ரோன்ஸ்' 2011 முதல் 2019 வரை 8 பாகங்களாக வந்தது. மொத்தம் 73 எபிசோடு. அமெரிக்காவில் ஞாயிறு இரவு 9 மணி என்றால் இங்கே திங்கள் காலை 6.30 மணி. 2019-ல் கடைசி பாகம் வந்தபோது ஹாட்ஸ்டாரிலும் அதே நேரத்தில் வந்தது. ஆபீசில் யாராவது கதையைச் சொல்லிக் கெடுப்பதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று, மின்சார ரெயிலில் ஜன்னல் ஓரம் பிடித்து செல்போனை விரித்தவர்கள் உண்டு.

எச்.பி.ஓ.வுக்கு இங்கே தனி டி.வி. சேனலும் இருந்தது. அதை 2020 டிசம்பர் 15-ந்தேதியோடு மூடிவிட்டார்கள். அதன் பிறகு ரசிகர்களுக்கு இருந்த முக்கிய வாசல் ஹாட்ஸ்டார்தான். அந்த வாசலும் 2023-ல் அடைபட்டது.

உள்வாடகை கதை

சந்தா கட்டியவுடன் சீரியல் நமக்குச் சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அதுதான் இல்லை.

ஒருவர் ஒரு வீட்டை 5 வருஷத்துக்குப் போகியம் எடுக்கிறார். மாடியில் ஒரு அறையை இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விடுகிறார். போகியக் கெடு முடிந்ததும் வீட்டுக்காரர் "காலி பண்ணு" என்கிறார். போகியக்காரர் கிளம்பினால், மாடியில் இருப்பவரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்!

இங்கே வீட்டுக்காரர் எச்.பி.ஓ. போகியக்காரர் ஹாட்ஸ்டார். அதன் தாய் நிறுவனமான ஸ்டார் இந்தியா 2015 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டது. 2016 ஏப்ரலில் மாதம் 199 ரூபாய்க்கு ஹாட்ஸ்டார் பிரீமியம் வந்தது. மாடி அறையில் இருந்தவர், சந்தா கட்டிய நம்ம ஆள்.

வெளிநாட்டுத் தொடர்களை நாடு வாரியாகத்தான் விற்பார்கள். இந்திய உரிமை ஒருவருக்கு, இங்கிலாந்து உரிமை வேறொருவருக்கு. கெடு முடிந்தால் மீண்டும் பேரம். எவன் கூடக் கொடுக்கிறானோ அவனுக்கே சரக்கு.

கிரிக்கெட்டும் போச்சு

ஹாட்ஸ்டார் ஏன் கைவிட்டது? பணம்தான். 2023 பிப்ரவரியில் டிஸ்னி நிறுவனம் 550 கோடி டாலர் செலவைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. மார்ச் 8-ந்தேதி ஹாட்ஸ்டாரின் அறிவிப்பு வந்தது. 31-ந்தேதி முதல் எச்.பி.ஓ. இல்லை!

அதே மார்ச் 31-ந்தேதி இரவு இன்னொரு அடியும் விழுந்தது. அன்றுதான் அகமதாபாத்தில் ஐ.பி.எல். தொடக்க ஆட்டம். குஜராத்தோடு மோதியது நம்ம சென்னை சூப்பர் கிங்ஸ். செல்போனில் அந்த ஆட்டமும் ஹாட்ஸ்டாரில் இல்லை. 2022 ஜூனில் நடந்த ஏலத்தில் 23 ஆயிரத்து 758 கோடி ரூபாய்க்கு இணைய உரிமையை வயாகாம்-18 தட்டிச் சென்றிருந்தது. ஆட்டத்தை ஜியோ சினிமாவில் இலவசமாகவே காட்டினார்கள்.

சீரியலும் இல்லை, கிரிக்கெட்டும் இல்லை என்றால் எவன் இருப்பான்? 2023 ஏப்ரல் முதல் ஜூன் வரை 3 மாதத்தில் மட்டும் ஹாட்ஸ்டார் 1 கோடியே 25 லட்சம் சந்தாதாரர்களை இழந்தது. அதில் பெரும்பங்கு கிரிக்கெட்டுக்காக வந்த கூட்டம்.

குமாஸ்தா கணக்கு

எச்.பி.ஓ. தொடர்கள் ஏப்ரல் மாதம் இருக்க இடமில்லாமல் கிடந்தன. 27-ந்தேதி ஜியோ சினிமாவோடு ஒப்பந்தம் என்ற சேதி வந்தது. மே மாதம் அங்கே குடியேறின. வருஷ சந்தா 999 ரூபாய்.

ஒரு குமாஸ்தா அந்த ஆண்டு பிப்ரவரியில் ஹாட்ஸ்டாருக்கு 899 ரூபாய் வருஷ சந்தா கட்டினார் என்று வைத்துக்கொள்வோம். 40-வது எபிசோடில் கதை நின்றுவிட்டது. மீதியைப் பார்க்க மே மாதம் இன்னொரு 999 ரூபாய். ஆக மொத்தம் 1,898 ரூபாய். ஒரே சீரியலுக்கு இரட்டைச் செலவு!

கூத்து அதோடு முடியவில்லை. 2024 ஏப்ரலில் ஜியோ சினிமா கட்டணத்தை மாதம் 29 ரூபாயாகக் குறைத்தது. முழு 999 கட்டியவர்கள் வயிற்றெரிச்சல்பட்டார்கள் என்றால் தப்பில்லை. 2024 நவம்பரில் இரண்டு கம்பெனிகளும் ஒன்றாகின. 2025 பிப்ரவரி 14-ந்தேதி 'ஜியோ ஹாட்ஸ்டார்' பிறந்தது. சண்டை போட்டவர்கள் சம்பந்தி ஆனார்கள். சீரியலும் பழைய பெயரை ஒட்டிய புது வீட்டுக்குத் திரும்பி வந்தது. நடுவில் அலைந்தது சந்தாதாரர்தான்.

திருட்டுப் பிரதி

இப்படி அலைக்கழித்தால் சிலர் குறுக்கு வழியில் இறங்குகிறார்கள். ஒரு காலத்தில் பர்மா பஜார் தட்டு. இப்போது செல்போனில் வரும் இணைப்பு. பொருள் ஒன்றுதான், ஆபத்தும் ஒன்றுதான். காப்புரிமைச் சட்டம் 63-வது பிரிவின்படி தெரிந்தே செய்யும் மீறலுக்கு 6 மாதம் முதல் 3 வருஷம் வரை ஜெயில். 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

2017-ல் 'கேம் ஆப் த்ரோன்ஸ்' 7-வது பாகத்தின் 4-வது எபிசோடு, ஒளிபரப்புக்கு முன்பே இந்தியாவில் இருந்து கசிந்தது. மும்பை போலீசார் 4 பேரைக் கைது செய்தார்கள். காட்சிகளைப் பாதுகாக்க வேண்டிய கம்பெனியில் வேலை பார்த்தவர்களே சிக்கினார்கள். வேலியே பயிரை மேய்ந்த கதை!

யாரிடம் முறையிடுவது?

நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் கோர்ட்டில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் சந்தா நிபந்தனையைப் படித்தால் உண்மை தெரியும். "நிகழ்ச்சிகள் எப்போது வேண்டுமானாலும் மாறலாம்" என்ற பொருளில் ஒரு வரி அதில் வழக்கமாக இருக்கும். அதைப் படிக்காமல்தான் எல்லோரும் சம்மதம் அழுத்துகிறார்கள். வாதாட இடமுண்டு. ஆனால் 899 ரூபாய்க்காக லீவு போட்டுவிட்டு எத்தனை பேர் கோர்ட்டு படி ஏறுவார்கள்? கட்டின பணம் கட்டினதுதான் என்று விட்டுவிடுகிறார்கள். கம்பெனிகளுக்கு அதுவே வசதி.

ஒரே ஒரு சீரியலுக்காகச் சந்தா கட்டுவோர் வருஷக் கணக்கில் கட்டாமல் மாதக் கணக்கில் கட்டுவதே புத்திசாலித்தனம். பிடித்த கதையை "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப் போடவும் கூடாது.

ஒப்பந்தக் கெடு எப்போது முடிகிறது என்பது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் தெரியும். பணம் கட்டுகிறவருக்கு மட்டும் தெரியாது. அந்தத் தேதியை சீரியல் பெயருக்குக் கீழே ஒரு வரி போட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? அரை லிட்டர் பால் பாக்கெட்டில்கூட தேதி போட்டுத்தானே விற்கிறார்கள்!