பெரியவர் பிதற்றுகிறாரா? முதலில் சோடியத்தைப் பாருங்கள்!

"சார், அப்பா ராத்திரியிலேர்ந்து சம்பந்தமில்லாம பேசறார். என்னைப் பார்த்தே 'நீ யாரு'ங்கறார். வயசாயிடுத்து, அதானே? ஞாபகசக்திக்கு வல்லாரை லேகியம் ஏதாவது குடுங்களேன்..."

ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், உறையூர், தில்லைநகர்... எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் இந்தக் கேள்வி ஒன்றுதான். வல்லாரை நல்ல மூலிகை. நானும் கொடுக்கிறவன்தான். ஆனால் முந்தாநாள் வரை பேப்பர் படித்து, பேரனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த மனிதர் இன்றைக்குத் திடீரென்று குழம்பினால், அது வல்லாரைக்கு அடங்குகிற சமாசாரம் இல்லை. வயசானதால் வரும் மறதி மாசக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல வரும். ஒரே ராத்திரியில் வராது!

திடீர்க் குழப்பத்துக்குப் பல காரணங்கள் உண்டு. பக்கவாதம், சர்க்கரை இறங்குதல், மூத்திரக் கடுப்போடு வரும் காய்ச்சல், எப்போதோ கீழே விழுந்து தலைக்குள் கசிந்த ரத்தம். இவற்றோடு இன்னொன்றும் உண்டு. அதைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ரத்தத்தில் உப்பு, அதாவது சோடியம், குறைந்து போய் மூளை வீங்குவது!

'உப்பு கூடினால் பி.பி. வரும், தெரியும். உப்பு குறைந்தால் மூளை வீங்குமா?' என்று கேட்பீர்கள். வீங்கும். எப்படி என்று சொல்கிறேன்.

ஏழு மதில் காவல்

உடம்பின் மற்ற இடங்களில் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரில் சின்னச் சின்னச் சந்துகள் இருக்கும். உப்பும் சத்தும் அவற்றின் வழியே தாராளமாகப் போய்வரும். மூளையில் மட்டும் அப்படி இல்லை. அங்கே ரத்தக் குழாய்ச் சுவரின் செல்கள் ஒன்றோடொன்று இறுக்கித் தைத்த மாதிரி ஒட்டியிருக்கும். பால் எர்லிக் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி 1885-ல் மிருகங்களின் ரத்தத்தில் சாயம் ஏற்றிப் பார்த்தார். உடம்பெல்லாம் சாயம் பிடித்தது, மூளையில் மட்டும் பிடிக்கவில்லை! பிறகு வந்தவர்கள் அதற்கு 'ரத்த-மூளைத் தடுப்பு' என்று பெயர் வைத்தார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஸ்ரீரங்கத்தைச் சொன்னால் சட்டென்று புரியும். உள்ளே பெருமாள், சுற்றி ஏழு பிராகாரம், ஏழு மதில். நினைத்த இடத்தில் நுழைய முடியாது, கோபுர வாசல் வழியாகத்தான் வரவேண்டும். மூளையும் அப்படித்தான். சோடியம், பொட்டாசியம், குளோரைடு போன்ற உப்பு அணுக்கள் அதற்கென்று உள்ள வாசல்கள், பம்புகள் வழியாகத்தான் போய்வர முடியும். அந்தப் பம்புகளில் முக்கியமான சோடியம்-பொட்டாசியம் பம்பை 1957-ல் கண்டறிந்து எழுதிய டென்மார்க் விஞ்ஞானி ஜென்ஸ் ஸ்கோவுக்கு 1997-ல் நோபல் பரிசே கிடைத்தது.

ஆனால் தண்ணீருக்கு இந்தக் கட்டுக்காவல் இல்லை. காவிரியில் வெள்ளம் வந்தால் ஸ்ரீரங்கத்து வீட்டுக் கிணறுகளில் தண்ணீர் தானாக ஏறுமே, யாராவது கொண்டு வந்து ஊற்றுகிறார்களா? மதிலைத் தாண்டி ஊறி வருகிறது. மூளையிலும் உப்பு எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் தண்ணீர் ஊறிப் போகும்.

ரத்தத்தில் சோடியம் 135-லிருந்து 145 வரை இருக்க வேண்டும். அது 120, 115 என்று இறங்கினால் ரத்தம் நீர்த்துப் போகிறது. மூளைக்குள் உப்பு அதிகம், வெளியே குறைவு. உடனே தண்ணீர் உள்ளே பாய்கிறது, மூளை உப்புகிறது. வயிறு உப்பினால் வேட்டியைத் தளர்த்திக் கொள்ளலாம். மண்டை ஓட்டைத் தளர்த்த முடியுமா? தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், பிதற்றல், அளவில்லாத தூக்கம், கடைசியில் வலிப்பு, நினைவிழப்பு. இதுதான் வரிசை.

மெதுவாக இறங்கினால், மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும்

மூளையும் லேசுப்பட்டதில்லை. தண்ணீர் உள்ளே வருவது தெரிந்ததும் தன்னிடமுள்ள பொட்டாசியம், குளோரைடு போன்றவற்றை வெளியே தள்ளி வீக்கத்தைக் குறைத்துக் கொள்ளப் பார்க்கும். ஏறக்குறைய இரண்டு நாட்களில் அது ஓரளவு சமாளித்துவிடும். அதனால்தான் சிலர் சோடியம் 118 இருந்தும் நடமாடிக் கொண்டிருப்பார்கள். ஒரே நாளில் அந்த அளவுக்கு இறங்கியவருக்கோ வலிப்பே வந்துவிடும்.

இதில் ஒரு பெரிய ஆபத்தும் உண்டு. சமாளித்துப் பழகிவிட்ட மூளைக்கு அவசர அவசரமாக உப்பை ஏற்றினால், இப்போது தண்ணீர் வெளியே ஓடும். நரம்பின் மேலுறை பாழாகும். ஆள் தெளிந்து எழுந்து உட்கார்ந்து, சில நாள் கழித்துப் பேச்சும் விழுங்குதலும் கை காலும் போய்விடும் கொடுமை இதனால்தான். அதற்காகவே ஒரு நாளைக்கு 8-லிருந்து 10 அளவுக்கு மேல் சோடியத்தை ஏற்றக் கூடாது என்று டாக்டர்கள் கணக்குப் போட்டு ஏற்றுகிறார்கள். 'மூணு நாளா ஆஸ்பத்திரியில வெச்சிருக்காங்க, ஒரு பாட்டில் உப்புத் தண்ணியைச் சீக்கிரம் ஏத்தி அனுப்பினா என்ன' என்று சண்டை போடாதீர்கள். அந்த மெதுவில்தான் உயிர் இருக்கிறது.

வீட்டிலேயே உப்புக் கரைசலை வாயில் ஊற்றுகிறார்களே, அதுவும் தப்பு. அரை மயக்கத்தில் இருப்பவருக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும்.

யாருக்கு இறங்கும்?

பி.பி.க்கும் கால் வீக்கத்துக்கும் கொடுக்கிற 'நீர் மாத்திரை' முதல் காரணம். ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், இண்டபமைடு போன்றவை இந்த ரகம். பல சமயம் இன்னொரு பி.பி. மருந்தோடு சேர்ந்து ஒரே மாத்திரையாக வருவதால் வீட்டில் யாருக்கும் தெரியாது. வலிப்புக்கான கார்பமசெபின், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும் இறங்கலாம். வாந்தி, பேதி கண்டவர்கள், இதயம், சிறுநீரகம், ஈரல் பழுதானவர்கள், நிமோனியா வந்தவர்களும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

திருச்சி வெயில் உங்களுக்குத் தெரியாததா? கத்திரி வெயிலில், 'நிறையத் தண்ணி குடி'ன்னு டி.வி.யில சொல்றாங்களேன்னு நீர் மாத்திரை சாப்பிடும் பாட்டி சொம்பு சொம்பாக வெறும் தண்ணீரைக் குடிப்பார். சாப்பாடோ இரண்டு இட்லி. பி.பி. என்று உப்பையும் அடியோடு நிறுத்தியிருப்பார். மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்கு ராத்திரியெல்லாம் கண்விழித்து உபவாசம் இருக்கிற பெரியவர்கள் எத்தனை பேர்! பக்தியை நான் குறை சொல்லவில்லை. மாத்திரை சாப்பிடும் 75 வயதுக்காரர் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உபவாசம் இருக்கட்டும் என்கிறேன்.

எங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும்

நான் சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன். என் மருத்துவத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதனாலேயே இதைச் சொல்ல எனக்கு உரிமையும் உண்டு.

நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்குச் சாப்பிட வேண்டும் என்பது தேரையர் சொன்ன நோயணுகா விதிகளில் ஒன்று. சில பெருமருந்துகளுக்கு உப்பு, புளி நீக்கிய கடும் பத்தியமும் எங்கள் நூல்களில் உண்டு. உழைத்துச் சாப்பிட்ட திடமான உடம்புக்கு அதெல்லாம் சரி. அந்த நாளில் நீர் மாத்திரை கிடையாது! இன்றைக்கு நீர் மாத்திரை ஒரு பக்கம், உப்பில்லாப் பத்தியம் ஒரு பக்கம், பேதி மருந்து இன்னொரு பக்கம் என்று மூன்றும் ஒரே வயோதிக உடம்பில் சேர்ந்தால் என்ன ஆகும்? சோடியம் தரைக்குப் போகும்.

ஆகவே நோயாளி என்னென்ன ஆங்கில மாத்திரை சாப்பிடுகிறார் என்று அட்டையோடு வாங்கிப் பார்க்காமல் எந்தச் சித்த வைத்தியரும் பேதியோ கடும் பத்தியமோ சொல்லக் கூடாது. இது என் திடமான கருத்து. உப்பை வறுத்துச் சேர்க்கும் இளம் பத்தியமும் நம் முறையில் இருக்கிறதே, பிடிவாதம் எதற்கு? தமிழ்நாட்டில் பல அரசு ஆஸ்பத்திரிகளில் சித்தா பிரிவும் ஆங்கில வைத்தியமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ஒரு ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பதால் எங்கள் கௌரவம் குறைந்துவிடாது.

ஆங்கில மருத்துவ நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. 'உப்பைக் குறைங்க' என்று பாதி வாக்கியத்தில் அனுப்பாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. நீர் மாத்திரையை எழுதிக் கொடுத்தால் சில வாரத்தில் சோடியத்தைப் பார்த்துவிடுங்கள். பழைய சீட்டைக் காட்டி வருஷக்கணக்கில் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிச் சாப்பிடும் பழக்கத்தை நாம் எல்லோரும் சேர்ந்துதான் நிறுத்த வேண்டும்.

இதைப் படித்துவிட்டு ஊறுகாய் ஜாடியைத் திறந்துவிடாதீர்கள்! நம்மில் பெரும்பாலோர் தேவைக்கு அதிகமாகவே உப்பு தின்கிறோம். 'இந்துப்புதானே, ஒண்ணும் பண்ணாது' என்பதும் வேண்டாம். அதிலும் பெரும்பங்கு அதே சோடியம் குளோரைடுதான்.

பக்கவாதத்திலும் இதே உப்புதான்

மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்துக் கொண்டால் முதல் சில மணி நேரம் மதில் இடிவதில்லை. ஆனால் வாசல்காரர்கள் தாறுமாறாக வேலை செய்கிறார்கள். ரத்தத்தின் பக்கமுள்ள வாசல் சோடியத்தை வாங்கி உள்ளே விட, மூளைப் பக்கத்துப் பம்பு அதை இன்னும் உள்ளே தள்ள, பின்னாலேயே தண்ணீரும் போகிறது. மதில் உடைவது அதற்கப்புறம்தான். பெரிய அடைப்பாக இருந்தால் மூன்றிலிருந்து ஐந்து நாட்களில் வீக்கம் உச்சத்துக்கு வரும். 'அட்மிட் பண்றப்ப நல்லாத்தானே பேசினாரு' என்று உறவினர்கள் டாக்டர்மேல் கோபப்படுவது இந்த நேரத்தில்தான்.

இந்த வாசல்களை மருந்தால் மூட முடியுமா என்று ஆராய்ச்சி நடக்கிறது. புமெட்டனைடு என்ற மருந்து எலிகளில் வீக்கத்தைக் குறைத்தது. சர்க்கரைக்குக் கொடுக்கிற கிளிபென்கிளமைடையே ஊசியாகப் போட்டு மனிதர்களில் சோதித்தார்கள். 2024-ல் வெளியான முடிவு, எதிர்பார்த்த பலன் இல்லை என்பது. ஆகவே இன்றைக்கு நம் கையில் உள்ள பெரிய மருந்து நேரம்தான். கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

என்ன செய்யலாம்?

வீட்டுப் பெரியவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும், சூரணம், லேகியம் உட்பட, ஒரு தாளில் எழுதி பீரோ கதவில் ஒட்டுங்கள்.

வாந்தி, பேதி என்றால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் சொன்ன அளவுத் தண்ணீரில் முழுசாகக் கரைத்துக் கொடுங்கள். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக் கொள்ளட்டும். நீர் மாத்திரையைத் தொடரலாமா என்றும் அன்றைக்கே கேளுங்கள்.

திடீரென்று பிதற்றினால், நடை தள்ளாடினால், எழுப்ப எழுப்பத் தூங்கினால், வலிப்பு வந்தால் 108-க்குப் போன் செய்யுங்கள். காவிரிப் பாலம் தாண்டினால் புத்தூரில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது. போனதும் சர்க்கரையோடு சோடியத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

'விடியட்டும் பார்க்கலாம்' வேண்டாம். மந்திரிப்பது, எலுமிச்சம்பழம் சுற்றுவதெல்லாம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த பிறகு உங்கள் இஷ்டம்!

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்னவர்கள் நம் முன்னோர்கள். நம்மை வளர்த்து ஆளாக்கி உப்பிட்டவர்களின் உடம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கொள்வது நம் கடமை இல்லையா?