பலகையை வகுத்து ஒட்டுங்கள்

மான்குர்த்தில் எங்கள் வீட்டு டைனிங் டேபிளில் பாதியை ஒரு கப்பல் பத்து மாதமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மர மாடல் கப்பல். மிச்சப் பாதியில்தான் நாலு பேருக்கும் சாப்பாடு. "எப்பங்க இது கெளம்பும்?" என்று வீட்டம்மா கேட்காத நாளில்லை :-)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கப்பலின் உடம்புக்குப் பலகை போர்த்தும் இடத்தில்தான் என் முதல் கப்பலைக் கெடுத்தேன். கை சரியில்லை என்று அப்போது நினைத்தேன். இப்போது தெரிகிறது, கணக்குதான் சரியில்லை. பி.காம். படித்தவன் வெட்கப்பட வேண்டிய விஷயம்.

கிட்டில் வரும் பட்டைகள் எல்லாம் ஒரே அகலம், 5 மி.மீ. என்று வையுங்கள். மேலிருந்து வரிசையாக ஒட்டிக்கொண்டே போகலாம் என்று தோன்றும். ஆனால் கப்பலின் நடுவயிறு பெருத்தது, மூக்கு ஒடுங்கியது. நடுவில் மேல்தளத்திலிருந்து அடிக்கட்டை வரை 100 மி.மீ. என்றால் 20 பலகை. மூக்கில் அதே தூரம் 60 மி.மீ. என்றால் ஒவ்வொரு பலகையையும் அங்கே 3 மி.மீ.க்குச் சீவியாக வேண்டும். சீவாவிட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். பின்பக்கம் சில இடங்களில் இதற்கு நேர்மாறு. இடம் மிஞ்சும், ஆப்பு மாதிரி துண்டு செருகணும்.

அதனால் பசையைத் திறக்கும் முன் ஒவ்வொரு சட்டத்தின் மேலும் காகிதப் பட்டையைச் சுற்றி அளந்து, பலகை எண்ணிக்கையால் வகுத்துக் குறித்துவிடுங்கள். எங்கேயாவது பாதி அகலத்துக்கும் கீழே வந்தால் ஒரு பலகையை அங்கேயே முடித்துவிடுங்கள். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி ஒட்டுங்கள், இல்லையென்றால் அடிக்கட்டை முறுக்கிக்கொள்ளும். நனைத்து வளைத்த பலகை நன்றாகக் காயணும். ஈரத்தோடு ஒட்டினால் பிறகு சுருங்கி இடைவெளி விடும். மும்பை ஜூலையில் அவசரமே கூடாது.

இவ்வளவும் கற்றுக்கொண்டு நாம் கட்டுவது எதை? விக்டரி, கட்டி சார்க். இதில்தான் எனக்கு ஆதங்கம்.

இங்கிருந்து ஹார்பர் லைன் ரயிலில் போனால் எட்டுகிற தூரத்தில்தான் பம்பாய் டாக்யார்டு. 1736இல் சூரத்திலிருந்து வந்த லவ்ஜி நசர்வான்ஜி வாடியாவின் குடும்பம் அங்கே தலைமுறை தலைமுறையாகக் கப்பல் கட்டியது. நம் திரிகோணமலையின் பெயரில் 1817இல் தேக்கில் கட்டின எச்.எம்.எஸ். டிரிங்கோமலி இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் நிற்கிறது. அதன் வரைபடத்தை ஏற்றி வந்த ஜாவா என்ற கப்பல் 1812இல் அமெரிக்கர்களிடம் சிக்கி அழிந்தது. ஆனாலும் லண்டனில் மூலம் இருந்ததால் இன்னொரு பிரதி வந்தது, கப்பலும் பிறந்தது.

நம் ஓடாவிகளுக்கு அந்தப் பிரதி கிடையாது. வல்வெட்டித்துறையில் கட்டின அன்னபூரணி 1938இல் பாய் விரித்து அமெரிக்காவின் குளோஸ்டர் வரை போனது. தூத்துக்குடி தோணிகள் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகின்றன. கட்டினவர்களின் வரைபடமெல்லாம் கண்ணிலும் கையிலும்தான். ஒரு ஓடாவி போனால் அவரோடு அதுவும் போச்சு.

போனதைத் திரும்பக் கொண்டுவருவது லேசில்லை. 2025இல் கடற்படையில் சேர்ந்த ஐ.என்.எஸ்.வி. கௌண்டின்யா கயிற்றால் தைத்த கப்பல். வரைபடம் இல்லாமல், அஜந்தா சுவர் ஓவியத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் மாடல் வைத்துச் சோதித்தார்கள். மாடல் என்பது வெறும் அலமாரி அலங்காரம் இல்லை என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

"கிட் இல்லையே, எப்படிக் கட்டுவது?" என்பீர்கள். அளந்துதான். கரையேற்றி வைத்திருக்கும் ஒரு தோணியை, அனுமதி கேட்டு, டேப்பும் நோட்டும் வைத்துச் சட்டம் சட்டமாக அளந்தால் போதும். பக்கத்தில் நிற்கும் ஓடாவியிடம் ஏன் இந்தப் பலகையை இங்கே ஒடுக்கினீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம். அந்தக் காரணத்தை எந்த கிட்டும் சொல்லாது.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது தூத்துக்குடியில் இரண்டு நாள் நிற்பதாக இருக்கிறேன். வீட்டம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் டேபிளைக் காலி பண்ணணும்.